சட்டமும் நாமும்: பெட்டியைக் காப்பவரின் கதிரை



சென்ற மாதம் மருதமுனையில் கைத்தறி நெய்யும் பெண்கள் சிலரோடு உட்கார்ந்து பேசக் கிடைத்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்பதைச் சொல்லிக் கொடுக்கத்தான் போயிருந்தோம். எல்லாம் பேசி முடித்துத் தேநீர் வந்த நேரம், மூலையில் இருந்த ஒரு தாய் தனது பொலித்தீன் பையைத் திறந்தார். உள்ளே அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பழைய வாக்காளர் அட்டைகள் எல்லாம் ஒன்றாகச் சுற்றப்பட்டிருந்தன. 1990 இல் நெல் ஏற்றப் போன கணவர் திரும்பி வரவில்லை. 2004 இல் கடல் வந்து வீட்டைக் கொண்டு போனது. இந்தப் பையை மட்டும் அவர் விடவில்லை.

"எல்லாம் பத்திரமாத்தான் வச்சிருக்கன். மறுகா எங்கட கல்முனைக்கு ஏன்கா எலக்சன் வைக்கல்ல? நிந்தவூருக்கு வச்சாங்க, சம்மாந்துறைக்கு வச்சாங்க. எலக்சன் வைக்கிற அந்தப் பெரிய ஆளுக்கிட்ட ஆரு கணக்குக் கேக்கிற? சரியில்லாட்டி அந்தாளைத் தூக்க ஏலாதா?" என்று கேட்டார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருந்தன. இந்த மாதம் இரண்டுக்கும் என்னால் இயன்ற வரையில் விளக்கம் தர விரும்புகின்றேன்.

முதலில் கல்முனையின் கதை. 2025 மே 6 ஆம் திகதி நாட்டிலுள்ள 341 உள்ளூராட்சி சபைகளில் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. காலி மாவட்டத்தின் எல்பிட்டிய சபைக்கு 2024 ஒக்டோபரிலேயே நடந்து முடிந்திருந்தது. எஞ்சிய ஒன்று எமது கல்முனை மாநகர சபை. சாய்ந்தமருதுக்குத் தனியான நகர சபை என்ற விவகாரம் நீதிமன்றத்தில் இருந்தமையே அதற்குக் காரணம். ஆகவே அந்தத் தாய் நினைத்தது போல அது தேர்தல் ஆணைக்குழு தானாக எடுத்த முடிவல்ல.

ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கின்றது. தேர்தல் நடத்தும் அதிகாரியை யார் நியமிப்பது? எத்தனை காலத்துக்கு? யார் விலக்கலாம்? இது கொழும்பிலுள்ள சட்டத்தரணிகளின் பிரச்சினை என்று நாம் தள்ளிவிட முடியாது. அதற்கு ஒரு சின்ன விடயம் சொல்லுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் எமது கரையோரக் கிராமமொன்றில் விதவைப் பெண்கள் சேர்ந்து ஒரு சேமிப்புச் சங்கம் வைத்திருந்தார்கள். பணப்பெட்டி பொருளாளரின் வீட்டில் இருந்தது. ஒரு நாள் தலைவி தன்னுடைய உறவினர் ஒருவருக்கு முறை வருவதற்கு முன்னரே கடன் கொடுக்கச் சொன்னார். பொருளாளர், "வரிசைப்படிதான் தருவேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த கிழமையே கூட்டம் கூடாமல், எவரிடமும் கேட்காமல் அவர் மாற்றப்பட்டார். புதிதாக வந்தவர் நல்ல பிள்ளைதான். ஆனால் முதல்வருக்கு நடந்ததை அவர் பார்த்திருந்தார். நீட்டிய கடதாசியிலெல்லாம் கையொப்பம் வைத்தார். அந்த மாரி முடிவதற்குள் பெட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

களவு எங்கே தொடங்கியது? பணம் போன நாளில் அல்ல. முதலாவது பொருளாளரை ஒரு வார்த்தையில் எழுப்பிய நாளில்தான் தொடங்கியது. வாக்குப் பெட்டிக்கும் இதே கதைதான். பெட்டியைக் காப்பவர் "முடியாது" என்று சொன்னால் நாளைக்கும் அவர் கதிரையில் இருப்பாரா என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் வாக்கின் பெறுமதி இருக்கின்றது.

எமது நாட்டில் தேர்தல் திணைக்களம் 1955 இல் உருவானது. ஓர் ஆணையாளரே அதன் தலைவர். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் ஜனாதிபதி அவரை நியமிப்பார். 60 வயது வரை பதவியில் இருக்கலாம். உடல் நலம் குன்றினால், அல்லது பாராளுமன்றம் வேண்டுதல் நிறைவேற்றினால் ஜனாதிபதி அவரை விலக்கலாம். எழுத்தில் பார்த்தால் ஓரளவு பாதுகாப்பு இருந்தது. ஆனால் அவர் தனி ஆள். நாடு முழுவதிலும் பொலிஸாரும் ஏனைய அரச உத்தியோகத்தர்களும் வேறு மேலிடங்களுக்குக் கட்டுப்பட்டவர்களாகவே இருந்தார்கள்.

மூத்த சகோதரிகளுக்கு 1982 டிசம்பர் 22 ஞாபகம் இருக்கும். பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு வருடம் நீட்டலாமா என்று கேட்டு அன்று மக்கள் தீர்ப்பு நடந்தது. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். அவசரகாலச் சட்டத்தின் கீழ் நடந்த அந்த வாக்கெடுப்பின் முறைகேடுகளை, பின்னர் ஆணையாளராக வந்த சந்திரானந்த டி சில்வா 1987 இல் தனது அறிக்கையில் எழுதினார். விளக்கு வென்று ஐந்து வருடம் ஆன பிறகுதான் அது எழுத்தில் வந்தது. 1999 ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தலில் நடந்த அடாவடிகள் இன்னும் மோசமானவை. 2001 டிசம்பர் 5 பொதுத் தேர்தல் அன்று மட்டக்களப்பிலும் வன்னியிலும் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டு, பெருந்தொகையான தமிழ் மக்கள் வாக்களிக்க வர முடியாமல் நின்றார்கள். அட்டை கையில் இருந்தது, பாதைதான் இருக்கவில்லை. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட எங்களுக்கு, எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும், அந்த வேதனை விளங்கும்.

1982 இலும் 1999 இலும் கண்ட அனுபவங்களின் பின்னணியில்தான், அந்த டிசம்பர் தேர்தலுக்கு முன்னர், 2001 ஒக்டோபரில் பதினேழாவது திருத்தம் வந்தது. ஒரு தனி ஆணையாளருக்குப் பதிலாக ஐந்து பேர் கொண்ட சுதந்திரத் தேர்தல் ஆணைக்குழு. பல கட்சியினரும் சேர்ந்து அமைக்கும் அரசியலமைப்புப் பேரவை பெயர்களைச் சிபாரிசு செய்யும், ஜனாதிபதி நியமிப்பார், பதவிக்காலம் ஐந்து வருடம். நல்ல சட்டம். ஆனால் பேரவை சிபாரிசு செய்த தலைவரின் பெயரை அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஏற்கவில்லை. 2005 இல் பேரவையின் காலமும் முடிந்தது. புதிய பேரவை அமைக்கப்படவில்லை. ஆணைக்குழு காகிதத்திலேயே இருந்துவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டவர் ஒரு மனிதர். 1995 முதல் ஆணையாளராக இருந்த தயானந்த திசாநாயக்க. ஆணைக்குழு அமையும் வரையில் அப்போது பதவியிலுள்ள ஆணையாளரே தொடர வேண்டும் என்று திருத்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. ஆணைக்குழு அமையவே இல்லை. ஆகவே அவர் போகவும் முடியவில்லை! ஓய்வு வயதைக் கடந்தும், தன்னை விடும்படி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனார். விடுதலை கிடைக்கவில்லை. 2004 பொதுத் தேர்தல், 2005 ஜனாதிபதித் தேர்தல், 2010 இல் இரண்டு தேர்தல்கள் என எல்லாவற்றையும் அவரே நடத்தினார். 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தல் முடிவை அறிவித்த போது, இனித் தன்னால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது, விடுவியுங்கள் என்ற கருத்தில் நாடறியப் பேசினார். 2010 செப்டெம்பரில் பதினெட்டாவது திருத்தம் வந்த பிறகே வழி திறந்தது. 2011 இல் ஓய்வு பெற்றார்.

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விலக்கிவிடுவார்களோ என்று பயப்படும் அதிகாரி சுதந்திரமானவர் அல்லர். விலகிப் போகவும் முடியாமல் கட்டி வைக்கப்பட்டவரும் சுதந்திரமானவர் அல்லர். கதிரைக்கு உறுதி வேண்டும் என்பது ஒருவரை அதில் ஆணியடித்து வைப்பதல்ல. எப்போது வருவார், எப்போது போவார், என்ன காரணத்துக்காக மட்டும் இடையில் எழுப்பலாம் என்பவை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பதினெட்டாவது திருத்தம் அவரை விடுவித்தது. ஆனால் அரசியலமைப்புப் பேரவையை ஒழித்து, நியமிக்கும் அதிகாரத்தை மீண்டும் ஜனாதிபதியின் கைக்குள் கொடுத்தது. அப்போதும் ஆணைக்குழு அமைக்கப்படவில்லை. மகிந்த தேசப்பிரிய தனி ஆணையாளராகப் பணி செய்தார். 2015 மே மாதம் பத்தொன்பதாவது திருத்தம் பேரவையைத் திரும்பக் கொண்டு வந்தது. பழைய தவறிலிருந்து ஒரு பாடமும் படித்திருந்தார்கள். பேரவையின் சிபாரிசு கிடைத்து 14 நாட்களுக்குள் ஜனாதிபதி நியமிக்காவிட்டால், அவர்கள் நியமிக்கப்பட்டவர்களாகவே கருதப்படுவர் என்று எழுதினார்கள். அந்த வருடம் நவம்பரில் தேசப்பிரிய தலைவராகவும், நளின் அபேசேகரவும் பேராசிரியர் இரத்தினஜீவன் ஹூலும் உறுப்பினர்களாகவும் முதலாவது ஆணைக்குழு உண்மையில் உருவானது. சட்டம் வந்து பதினான்கு வருடம் கழித்து!

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். ஆணைக்குழு உறுப்பினரைத் தூக்கலாமா? தூக்கலாம். ஆனால் உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரை விலக்கும் அதே முறையில்தான் தூக்கலாம். 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் மூன்றிலொரு பங்கினர், அதாவது குறைந்தது 75 பேர், குற்றச்சாட்டுகளை எழுதிக் கையொப்பமிட வேண்டும். விசாரணை நடக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்க நியாயத்தைச் சொல்ல இடம் வேண்டும். தவறான நடத்தை அல்லது இயலாமை நிரூபிக்கப்பட வேண்டும். அதன் பின்னர் வராதவர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை, அதாவது 113 பேர், ஆதரிக்க வேண்டும். அதற்குப் பிறகே ஜனாதிபதி விலக்கலாம். ஓர் அமைச்சர் கோபப்பட்டார் என்பதற்காக முடியாது. 2020 இல் தேர்தல் திகதி பற்றிய சர்ச்சையின் போது, பேராசிரியர் ஹூலை விலக்க வேண்டும் என்று ஆளும் தரப்பினர் பகிரங்கமாகவே கேட்டார்கள். அவர் தமது காலம் முடியும் வரை இருந்தார். பூட்டு வேலை செய்தது.

ஆனால் பூட்டு இருக்கிறது என்று நாம் நித்திரை கொண்டுவிடக் கூடாது. இதே பூட்டுத்தான் நாட்டின் முதலாவது பெண் பிரதம நீதியரசரான ஷிராணி பண்டாரநாயக்கவுக்கும் இருந்தது. 2012 நவம்பரில் 117 உறுப்பினர்கள் கையொப்பமிட்டார்கள். தெரிவுக்குழு அவசரமாக விசாரித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தை ரத்துச் செய்தது. இருந்தும் 2013 ஜனவரி 11 இல் 155 வாக்குகளால் பாராளுமன்றம் அவருக்கு எதிராகத் தீர்மானித்தது. இரண்டு நாளில் பதவி போனது. 2015 ஜனவரியில் மீண்டும் அமர்த்தப்பட்டு மறுநாளே ஓய்வு பெற்றார். கை நிறையப் பெரும்பான்மை உள்ளவர்களுக்கு எந்தப் பூட்டும் திறக்கும். அதைப் பார்த்துக் கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் மீதிப் பாதுகாப்பு இருக்கின்றது.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றும் பார்ப்போம். இந்தியாவில் தலைமைத் தேர்தல் ஆணையரை அங்குள்ள உச்ச நீதிமன்ற நீதிபதியை விலக்குவது போலத்தான் விலக்கலாம். 1990 இல் வந்த டி.என்.சேஷன் கட்சிகளுக்கெல்லாம் கடிவாளம் போட்டார். அவரை எழுப்ப முடியாத அரசு 1993 ஒக்டோபரில் என்ன செய்தது தெரியுமா? பக்கத்தில் இன்னும் இரண்டு கதிரைகளைப் போட்டு, மூவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்றது. நீதிமன்றமும் அது செல்லும் என்றது. மூன்று பேர் இருப்பது நல்லதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் ஒருவரை விலக்காமலேயே அவரது கையைக் கட்ட வழிகள் உண்டு என்பதை நாம் இதிலிருந்து படிக்கலாம்.

எமது நாட்டில் 2023 இல் நடந்ததும் அதுவே. மார்ச் 9 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் என்று குறித்தார்கள். ஜனவரியிலேயே ஆணைக்குழு உறுப்பினர்கள் சிலருக்கு, பதவியை விட்டுப் போகும்படி தொலைபேசியில் கொலை மிரட்டல் வந்தது. அதே மாதத்தில் உறுப்பினர் பி.எஸ்.எம்.சார்ள்ஸ் அம்மையார் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பிறகு திறைசேரி பணம் தரவில்லை. பணம் இல்லாமல் வாக்குச்சீட்டு அச்சிட முடியாது. பணத்தைத் தடுக்க வேண்டாம் என்று மார்ச் 3 இல் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டும் தேர்தல் நடக்கவில்லை. எவரையும் விலக்கவில்லை. கதிரைகள் அப்படியே இருந்தன. தேர்தல்தான் இல்லாமல் போனது.

2024 ஓகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதி அமைச்சராகவும் இருந்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மட்டுமல்ல, தேர்தல் ஆணைக்குழுவினரும் மக்களின் அடிப்படை உரிமையை மீறியுள்ளனர் என்றது. இந்த இரண்டாவது பகுதியை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். எழுப்ப முடியாத கதிரையை நாங்கள் அவர்களுக்குக் கொடுத்தது அவர்களின் சௌகரியத்துக்காக அல்ல. எங்களுக்காக "முடியாது" என்றும், "நடத்தியே தீருவேன்" என்றும் சொல்வதற்காகத்தான். பாதுகாப்பு இருந்தும் கடமை தவறினால் அதற்கும் கணக்குக் கேட்க இடமுண்டு என்பதை நீதிமன்றம் காட்டியது. "ஆரு கணக்குக் கேக்கிற?" என்ற தாய்க்கு இதுவே என் பதில். அந்த வழக்கைப் போட்டவர்களும் எம்மைப் போன்ற வாக்காளர்கள்தான்.

2020 ஒக்டோபரில் இருபதாவது திருத்தம் பேரவையை மறுபடியும் ஒழித்தது. 2022 ஒக்டோபரில் இருபத்தோராவது திருத்தம் மறுபடியும் கொண்டு வந்தது. இப்போது பேரவையில் பத்துப் பேர். அவர்களில் மூவர் பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள். ஆணைக்குழுவில் ஐந்து பேர். 2023 இல் ஆர்.எம்.ஏ.எல்.ரத்நாயக்க தலைவராக நியமிக்கப்பட்டார். உறுப்பினர்களில் அமீர் பாயிஸ் என்ற முஸ்லிம் சகோதரரும், அனுசுயா சண்முகநாதன் என்ற தமிழ்ச் சகோதரியும் இடம்பெற்றனர். ஐந்து வருடக் கணக்குப்படி அந்தக் காலம் 2028 இல் முடிய வேண்டும். அந்த வருடத்தை எழுதி வையுங்கள். புதியவர்களை யார், எப்படி, எந்த நாளில் நியமிக்கிறார்கள் என்று அப்போது பார்க்க வேண்டும். கதிரை காலியாகக் கிடந்தாலும், அவசர அவசரமாகச் சட்டம் மாறினாலும், எங்கோ ஒரு பெட்டிக்கு ஆபத்து என்று பொருள்.

சரி, இதையெல்லாம் அறிந்து நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, உங்கள் பெயர் இடாப்பில் உள்ளதா என்று கிராம சேவகரிடம் வருடந்தோறும் பாருங்கள். வீடு மாறியவர்கள், மகளின் வீட்டில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பெயர் இல்லாதவருக்கு ஆணைக்குழு எவ்வளவு நேர்மையாக இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, வாக்குக் கேட்டு வருபவரிடம் கொங்கிறீட் பாதையையும் தெரு விளக்கையும் பற்றி மட்டும் கேட்காதீர்கள். "தேர்தல் ஆணைக்குழுவில் கைவைக்கும் சட்டம் வந்தால் எந்தப் பக்கம் கை உயர்த்துவீர்?" என்றும் கேளுங்கள். பதினெட்டுக்கும் இருபதுக்கும் கை உயர்த்தியவர்களில் எமது சமூகத்தின் வாக்கால் போனவர்களும் இருந்தார்கள்.

மூன்றாவது, உங்கள் சொந்தச் சங்கத்திலிருந்து தொடங்குங்கள். பொருளாளருக்கு ஒரு தவணை எழுதுங்கள். கூட்டம் கூடாமல், காரணம் சொல்லாமல், அவர் பேச இடம் கொடாமல் விலக்க முடியாது என்று யாப்பில் போடுங்கள். தவணை முடிந்தால் நன்றி சொல்லி அனுப்புங்கள். பிடித்து வைக்கவும் வேண்டாம். சிறிய பெட்டியை இப்படிக் காத்துப் பழகியவர்களுக்குப் பெரிய பெட்டியைப் பற்றிப் பேசப் பயம் வராது.

கல்முனை மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2018 தேர்தலில்தான் முதன்முறையாக உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. குப்பை, வடிகான், சந்தை, தெருவிளக்கு எல்லாவற்றையும் பற்றி எங்களில் ஒருத்தி எழுந்து பேசும் இடம் அது. 2025 மே மாதம் பக்கத்து ஊர்ப் பெண்கள் மைவிரலோடு வீட்டுக்கு வந்த அன்று, எமது ஊரில் அந்த இடத்துக்கான வாக்கைப் போட ஒருவருக்கும் கிடைக்கவில்லை. வழக்கு முடிந்து அந்த நாள் வரும் போது, நடத்துபவர் எவருக்கும் பயப்படாதவராக இருக்க வேண்டும். எங்களுக்குத் தேவை அவ்வளவே.

விடைபெறும் போது அந்தத் தாய் பொலித்தீன் பையை மீண்டும் சுற்றி இறப்பர் வளையம் போட்டார். "அப்ப இதெல்லாத்தையும் இன்னும் வச்சிருக்கத்தான் வேணும், என்ன?" என்று கேட்டார்.

வைத்திருங்கள் உம்மா. அந்தப் பையோடு இந்தக் கேள்வியையும் விடாமல் வைத்திருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.